வெள்ளை வண்டியும் அரை பாட்டில் தேங்காய் எண்ணெயும்

1

அமெரிக்காவுக்கு வந்து இருபத்து மூன்று வருடம் முடிந்த வாரத்தில்தான் நான் என் மகளின் வண்டியைப் பாழாக்கினேன். வேறு எந்தக் கொண்டாட்டமும் நடக்கவில்லை. என் சொந்த ஊர் கருமத்தம்பட்டியில் இதைப் படிப்பவர்கள் நன்றாகச் சிரித்துக்கொள்ளலாம். இப்போது நானே சிரிக்கிறேன்.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் குட்டியானையை இரண்டு மடங்காக ஊதிப் பெரிதாக்கி, முன்பக்கத்தில் ஒரு நல்ல காரை ஒட்டவைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே டெக்சாஸில் வீட்டுக்கு வீடு நிற்கும் பிக்கப். பின்னால் சாமான் ஏற்ற ஒரு திறந்த தொட்டி. மழையும் வெயிலும் தொட்டிக்குள் விழாமல் இருக்க, அதன் மேல் கறுப்பு வினைல் விரிப்பு ஒன்றை முரசுத் தோல் மாதிரி இழுத்து மாட்டியிருப்பார்கள். நாம் அதை ரெக்சின் என்போம். இங்கே கடையில் போய் "ரெக்சின் பாலிஷ்" என்று மூன்று முறை கேட்டேன். கடைக்காரப் பெண் என்னை மருந்துக்கடைக்குப் போகச் சொன்னாள். ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்திருக்கிறாள்.

வண்டி பால் வெள்ளை. விரிப்பு கன்னங்கரேல். என் மகள் இனியா தன் சம்பளத்தில் வாங்கியது. அவள் அதை வாங்கி வந்த அன்று நான் சொன்ன வார்த்தை, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு லாரி?" என்பது. நான் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் சொன்னது சொன்னதுதான். நான்கு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. வேலை பார்க்கும் ஊரிலிருந்து அம்மாவோடு போனில் பேசுவாள், நான் போனை வாங்கினால் "அப்புறம் கூப்பிடறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிடுவாள். பத்து வயதிலிருந்தே எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். நடுவில் என் மனைவி கோகிலா இரண்டு பக்கமும் தலையாட்டுவாள். ஒரே வீட்டில் இரண்டு வானொலி நிலையம் மாதிரி இருந்தோம்.

அப்படிப்பட்டவள், போன வருடம் தன் கம்பெனி ஒரு வருட வேலைக்கு ஆள் கேட்டபோது தானாகக் கை தூக்கினாள். எங்கே என்று கேட்டால், சூலூருக்குப் பக்கத்தில் பம்பு செய்யும் தொழிற்சாலைக்கு. நான் எந்த ஊரிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேனோ, அதற்கு எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு என் பெண் பெட்டியைக் கட்டினாள். போகும்போது வண்டிச் சாவியை அம்மாவிடம் கொடுக்கவில்லை, என் கையில் கொடுத்தாள். அந்தச் சாவி எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.

கராஜ் சுவரில் ஒரு தாளும் ஒட்டிவிட்டுப் போனாள். விரிப்பை வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மாதம் ஒருமுறை வெள்ளை பாட்டிலில் இருப்பதை ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்துத் தடவ வேண்டும். கடைசி வரியை மட்டும் தமிழில் எழுதியிருந்தாள். குழந்தை கையெழுத்து. "அப்பா, வேற எதுவும் போடாதீங்க."

2

பத்து மாதம் தாளில் உள்ளபடியே செய்தேன். இந்த ஊர் வெயிலில் வினைல் சும்மா விட்டால் சாம்பல் பூத்து, விறைத்து, தையல் ஓரம் வெடித்துவிடும். வெள்ளை பாட்டில் மருந்து அதைக் காப்பாற்றியது. எனக்கு அதில் ஒரே ஒரு குறை. பளபளக்கவில்லை. தடவித் துடைத்தால் விரிப்பு கறுப்பாக, அடக்கமாக, தடவாத மாதிரியே இருந்தது.

நான் தறிக்காரன் வீட்டுப் பையன். எங்கள் தறிக்குடோனில் எந்த நோய்க்கும் முதல் மருந்து எண்ணெய்தான். தறி முனகினால் எண்ணெய், கதவு கிரீச்சிட்டால் எண்ணெய், பூட்டு திறக்காவிட்டால் எண்ணெய். ஆயுத பூஜைக்கு முதல் நாள் பன்னிரண்டு தறியையும் துடைத்து எண்ணெய் காட்டிவிட்டு, கடைசியில் மொபட் சீட்டுக்கும் நூல் ஏற்றும் டெம்போவின் சீட்டுக்கும் தேங்காய் எண்ணெய் தேய்ப்போம். கண்ணாடி மாதிரி மின்னும். மறுநாள் அதில் உட்கார்ந்தவன் வேட்டி என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாக நினைவில்லை.

இந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. வாசலில் மகளின் வண்டி நின்றது. மகள் கோயமுத்தூரில் இருக்கிறாள், அவள் வண்டிக்குப் பூஜை போடாமல் விட்டால் மனசு கேட்குமா? காலையிலேயே குளித்துவிட்டு வண்டியைக் கழுவினேன். விரிப்பு வழக்கம்போல மங்கலாகவே நின்றது. சமையலறைக்குப் போனேன்.

"எண்ணெ பாட்டல எடுத்துட்டு எங்கீங்க போறீங்க?" என்றாள் கோகிலா.

"தலைக்கு" என்றேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். அங்கே எண்ணெய்க்கு வேலையில்லாமல் போய்ப் பத்து வருடம் ஆகிறது.

அரை பாட்டில் ஊற்றினேன். மின்னிற்று பாருங்கள், அந்த மின்னல்! அதில் என் முகம் தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். விபூதியைக் குழைத்து விரிப்பின் மேல் ஆளுயரத்துக்கு மூன்று பட்டை இழுத்தேன். நாலு ஓரத்திலும் மஞ்சளைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம். பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் பொட்டும். சாம்பல் பூசணி கிடைக்காததால், கடையில் குவித்து வைத்திருந்த ஆரஞ்சுப் பூசணியைச் சுற்றித் தெருவில் உடைத்தேன். எதிர்வீட்டு மார்த்தா அம்மாள் கைதட்டினார். அவர்கள் ஊர்ப் பண்டிகைக்கு மாதக் கடைசியில் பூசணி வைப்பார்கள். நான் கொஞ்சம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டேன் என்று அவருக்குச் சந்தோஷம்.

மத்தியானம் மழை. இங்கே மழை என்றால் வாளியைக் கவிழ்ப்பது. அதன்பின் மூன்று நாள் சுட்டெரிக்கும் வெயில்.

3

சனிக்கிழமை காலைதான் வண்டியைச் சரியாகப் பார்த்தேன். எண்ணெய், விபூதி, மஞ்சள், குங்குமம் நான்கும் மழையில் கலந்து, விரிப்பின் ஓரத்திலிருந்து வெள்ளைப் பெயின்டின் மேல் வழிந்து, வெயிலில் காய்ந்து உட்கார்ந்திருந்தன. இரண்டு பக்கமும் பின்கதவிலும் பழுப்பும் சிவப்புமாகக் கோடுகள். அழுத பிள்ளையின் கண்மை மாதிரி இருந்தது. எண்ணெயில் தெருப்புழுதி எல்லாம் ஒட்டி, விரிப்பு வடைச்சட்டி ஆகியிருந்தது.

கராஜ் சுவரைப் பார்த்தேன். "வேற எதுவும் போடாதீங்க" என்ற ஒரு வரி. இருபத்தாறு வயதுப் பெண் எட்டு வயதுக் கையெழுத்தில் எனக்காகத் தமிழில் எழுதிய ஒரே ஒரு வரி. அதைக்கூட நான் கேட்கவில்லை. லாரி என்று சொன்னதற்கு நான்கு மாதம். இதற்கு எத்தனை மாதம்? இன்னும் ஆறு வாரத்தில் அவள் திரும்பி வரப்போகிறாள்.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோகிலா கையைப் பிடித்துக்கொண்டாள். "அதையத் தேச்சீங்கன்னா கோடு போயிரும், பெயின்ட்டும் கூடவே போயிரும். பேசாம சலீமண்ணனுக்குப் போனப் போடுங்க."

சலீம் என் பள்ளித் தோழன். கோயமுத்தூர் உக்கடத்தில் சீட் கவர், வண்டி மேற்கூரை, ரெக்சின் தைக்கும் கடை வைத்திருக்கிறான். இப்போது எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள், கார்க் கம்பெனிக்காரர்கள் காத்திருந்து வாங்கிப் போகிறார்கள். இனியா ஊருக்குப் போனபோது ஏதாவது அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லி அவன் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். எங்களுக்குக் காலை ஏழு மணி, அவனுக்கு மாலை ஐந்தரை. வீடியோவில் வண்டியைக் காட்டினேன். போன் ஆடியது. அவன் சிரிக்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"டேய் சுப்பு, என்னடா பண்ணிப்போட்ட? வண்டிக்குப் பூசை போட்டியா, இல்ல வண்டியவே பொரிச்செடுத்தியா?"

"சிரிக்காதடா. தேங்காய் எண்ணெய்."

"எவ்வளவு?"

"அரை பாட்டில்."

அவன் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கூரையில் சுற்றும் மின்விசிறிதான் எனக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். "மாப்ள, இன்னைக்கு நீ ரெண்டாவது ஆளு."

"மொத ஆள் யாரு?"

"அது கஸ்டமர் ரகசியம். இப்ப சொல்றத எழுதிக்கோ. அப்பறம் உன்ற புத்திய அதுல கலக்காத."

எழுதிக்கொண்டேன். கராஜ் சுவரில் மகளின் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். உங்கள் வீட்டிலும் ரெக்சின் கூரை போட்ட ஜீப்போ டெம்போவோ இருந்தால் உதவும் என்பதால் அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"நாரு, பிரஷ்ஷு எதும் தொடாத. வண்டிய நெழலுக்குத் தள்ளு. சூட்டுல எதப் போட்டாலும் அப்பிக்கும். வண்டி கழுவற ஷாம்பு, மெது ஸ்பாஞ்சு, மேல இருந்து கீழ. மொத விரிப்பு, அப்பறம் பெயின்ட்டு. எண்ணெ உடற வரைக்கும் மூணு தடவ ஆனாலும் கழுவு. பெயின்ட்டுல நிக்கற கோட்டுக்கு ஸ்பிரிட்டும் தண்ணியும் சரிபாதி, மெத்துனு ஒரு துணில நனச்சு ஒத்தி எடு, தேய்க்காத. ஓரமா ரவையூண்டு எடத்துல போட்டுப் பாத்துட்டு அப்பறம் மத்ததுக்குப் போ."

"பளபளப்புக்கு?"

"பளபளப்பு ஆகாதுடா உனக்கு! அந்தப் புள்ள வெச்சிருக்கற வெள்ளை பாட்டலே சரியான சரக்கு. தண்ணி மாதிரி இருக்கும், எண்ணெப் பசை இருக்காது. அதையும் விரிப்பு மேல அடிக்கக் கூடாது. ஸ்பாஞ்சுல ஊத்தி, பாதி புழிஞ்சு போட்டுத் தடவு. ஓரத்துக்கு ஒரு விரக்கட முன்னாடியே நிறுத்திக்கோ. ஓரத்துக்கு, தடவித் தடவிக் காஞ்சு போன அந்த ஸ்பாஞ்சே போதும். சித்த நேரம் உட்டு, காஞ்ச துணில தொடச்செடு. தொடச்சப்பறம் இன்னொருக்காவும் தொடச்செடு. மிச்சம் நிக்கறதுதான் மழையில எறங்கி வந்து பெயின்ட்டுல கோடு போடும். அப்பறம் விரிப்பச் சுத்தி இருக்கற பெயின்ட்டுக்கு மெழுகு போட்டு வெய்யி. எது வழிஞ்சாலும் ஒட்டாம ஓடிரும்."

"பின்கதவுல இருக்கற மஞ்சள்?"

"மஞ்சளுக்கு மருந்து கெடையாது. வெயில்ல நிறுத்து. அதுவா வெளுக்கும்."

நிழலில் வேலை, வெயிலில் வைத்தியம். குழப்பமாக இருந்தாலும் தலையாட்டினேன். வைக்கும் முன் சொன்னேன், "இனியாகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாதடா."

"நான் எதுக்குடா சொல்றேன்" என்றான். மறுபடியும் போன் ஆடியது.

4

கழுவிய தண்ணீர் தெருவோர வடிகாலுக்கு ஓடியது. இங்கே குடியிருப்புச் சங்கம் என்று ஒன்று உண்டு. புல் எத்தனை விரல் உயரம் வளர வேண்டும் என்பதுவரை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. மழைநீர் வடிகாலில் எண்ணெய்த் தண்ணீர் விடக்கூடாது, பதிலாக இந்தப் படிவத்தை நிரப்புக. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? "மத எண்ணெய்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இது மீண்டும் நிகழ வாய்ப்பு உண்டா என்று அடுத்த கட்டம். பொய் சொல்லக்கூடாதே என்று "வருடம் ஒருமுறை" என்று எழுதிவிட்டேன்.

அதற்கு விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது. சங்கத்து அம்மாளை நேரில் பார்த்து, எங்கள் ஊரில் வருடம் ஒருநாள் கருவிகளுக்கு நன்றி சொல்வோம் என்று விளக்கினேன். அவர் படிவத்தை மடித்து வைத்துவிட்டு, தன் அலுவலகத்துப் பிரின்டருக்கும் அப்படி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அடுத்த முறை புல் தரையில் கழுவச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டு சனி ஞாயிறு போயின. சலீம் சொன்ன வரிசையில் கழுவினேன், ஒத்தினேன், துடைத்தேன். கோகிலா விரிப்பின் ஓரத்தில் பழைய துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள், ஒரு சொட்டு பெயின்டில் இறங்க விடமாட்டாள். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டதில்லை. கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. பின்கதவின் மஞ்சள் மட்டும் நிலா மாதிரி நின்றது. தினமும் வெயில் வரும் பக்கம் பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்துவேன். வடகம் காயவைப்பது போலத்தான்.

ஞாயிறுதோறும் இனியா வீடியோவில் வருவாள். அவள் பேச்சே மாறிப்போயிருந்தது. முதல் மாதம் "அப்பா" என்றவள், மூன்றாம் மாதம் "ஏனுங்ப்பா" என்று ஆரம்பித்தாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"ஏனுங்ப்பா, என்ற வண்டி எப்படி இருக்குதுங்?"

"அதுக்கென்ன கண்ணு, ராஜாவாட்ட இருக்குது."

"காட்டுங்க பாக்கலாம்."

முன்பக்கத்தைக் காட்டினேன். விளக்கு, கண்ணாடி, சக்கரம்.

"பின்னாடி?"

"இங்க சிக்னல் சரியில்ல கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த வாரம், "அம்மா கூப்பிடறா." அதற்கடுத்த வாரம், வண்டியை அண்டை வீட்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, பின்னால் போக இடமில்லை என்றேன். ஒவ்வொரு முறையும் அவள், "சரிங்ப்பா, பத்திரமா பாத்துக்கோங்க" என்பாள். அந்த "பத்திரமா" ஒவ்வொரு வாரமும் ஊசி மாதிரி ஏறும்.

தீபாவளி போயிற்று. அவள் வருவதற்கு நாலு நாள் முன்பு ஒரு காலையில் பின்கதவைப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. கையால் தடவினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், கோகிலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்கீங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியே எனக்கு மெடல். சுற்றிலும் இரண்டு பூச்சு மெழுகு போட்டேன்.

5

விமான நிலையத்தின் வண்டி நிறுத்தத்தில் இனியா ஒரு பெட்டியோடும் இரண்டு துணிப்பையோடும் வந்தாள். கோகிலாவைக் கட்டிக்கொண்டாள், என்னையும் கட்டிக்கொண்டாள். சுங்கத்தில் ஒரு மணி நேரம் பிடித்துவைத்துவிட்டார்களாம். பையில் இருந்த சிவப்புப் பொடி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "நெத்தில வெச்சுக் காட்டுனதுக்கு அப்பறந்தானுங் உட்டாங்க" என்றாள். நெற்றியில் இன்னும் இருந்தது.

பிறகு வண்டியைச் சுற்றி நடந்தாள். நான் பரீட்சை எழுதியவன் மாதிரி நின்றேன். விரிப்பின் மேல் விரலை ஓட்டினாள், விரலைத் திருப்பிப் பார்த்தாள். குனிந்து ஓரத்துக்குக் கீழே பெயின்டைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பின்கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எங்கீங்ப்பா?"

"என்னது கண்ணு?"

"கோடுங். மஞ்சளு. பொட்டு. ஒண்ணையும் காணம்."

நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன்.

"நீங்க போன் போட்டப்ப நான் சலீம் மாமா கடையிலதானுங் இருந்தேன். முக்காலி போட்டு உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தேன். 'மூச்சு விட்டுறாதடா'ன்னு நீங்க சொல்றப்ப என்ற வாயில டீயி."

சலீமின் போன் இரண்டு முறை ஆடியதற்கு அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது. ஆறு வாரம் இந்தப் பெண் என்னிடம் "பின்னாடி காட்டுங்க" என்று விளையாடியிருக்கிறாள். "மன்னிச்சுக்கோ சாமி" என்றேன். "நீ எழுதி வெச்சிருந்தும் நான் கேக்கல."

அவள் தரையைப் பார்த்தாள். "சலீம் மாமா மொத ஆள் ஒருத்தரு இருக்காங்கன்னு சொன்னாங்கல்லங்?"

"ஆமா."

"அது நாந்தானுங்."

அவளுடைய வாடகை ஸ்கூட்டர். தொழிற்சாலையில் ஆயுத பூஜை, எல்லோரும் வண்டிகளைக் கழுவி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். இவளுடைய சீட் மட்டும் மங்கலாக இருந்திருக்கிறது. விடுதிக்கு ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து தேய்த்துவிட்டாள். அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டியும் போய்விட்டாள், வெள்ளை சுடிதாரில். அன்று முழுக்கத் தொழிற்சாலையில் சுவரை ஒட்டியே நடந்திருக்கிறாள். சீட்டில் புழுதி அப்பி, சனிக்கிழமை உறை மாற்ற சலீமிடம் போயிருக்கிறாள்.

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டுவிட்டேன்.

"யாரும் சொல்லலீங். எனக்கு ஆறு வயசு இருக்கறப்ப, நம்ம பழைய காரு சீட்டுக்கு நீங்க எண்ணெ தேய்ப்பீங்க, நான் கிண்ணத்தப் புடிச்சுட்டு நிப்பேன். மறந்துட்டீங்ளாங்?"

மறந்துதான் போயிருந்தேன். கராஜில் நின்றுகொண்டு, கிண்ணம் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்த அந்தப் பிள்ளை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தாள். ஆங்கிலத்தில் பதில் சொன்ன அத்தனை வருடமும் அவள் அதை வைத்திருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கோகிலா என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனியா துணிப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். சுங்கத்தில் பிரித்துப் பார்த்து, திரும்ப ஒட்டாமல் கொடுத்த குங்குமப் பொட்டலம்.

"பெயின்ட்டுக்கு மெழுகு போட்டிருக்கீங்ளாங்?"

"ரெண்டு பூச்சு."

"அப்பச் சரி. மெழுகு இருந்தாத் தொடச்சா வந்துருமுன்னு சலீம் மாமா சொன்னாங்க." பின்கதவின் நடுவில், நான் ஆறு வாரம் பாடுபட்டு வெளுக்கவைத்த அதே இடத்தில், மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தாள். சின்னதாக, வட்டமாக, என்னுடையதைவிட அழகாக.

சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் கதவைத் திறந்தவள், உட்காரும் முன் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கு ஒண்ணும் பூசலீங்ளே?"

"இல்ல சாமி."

ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சாவியைத் திருகும் முன் நிறுத்தினாள். "அடடா. எலுமிச்சம்பழத்துக்கு எங்கீங்ப்பா போறது?"

நான் பக்கத்துச் சீட்டில் ஏறி, அவள் பக்கம் பார்க்காமல் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். நாலு இருந்தன.